ஐப்பசியில் போட்ட சுழி

வீட்டில் கம்ப்யூட்டர் படித்த பெண் ஒருத்தி இருந்துவிட்டால் சொந்தக்காரர்கள் யாரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. நான்கு வருடம் பொறியியல் கல்லூரியில் நான் படித்த எந்தப் பாடத்திலும் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எப்படி உருவுவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "அவ்ளோ பணம் கட்டிப் படிச்சிட்டு இது தெரியாதா?" என்பார்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டே நான் பாதி விஷயங்களைக் கற்றுக்கொண்டேன்.

படித்து முடித்துக் கடலூரில் வீட்டில் உட்கார்ந்திருந்த வருடம் அது. சென்னையில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்திருந்தது. உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்டதால், சேரும் தேதியைப் பிறகு தெரிவிக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் 'பிறகு' மாதக்கணக்கில் நீண்டது. எனக்கோ கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாது. முதலில் யார் கூப்பிட்டாலும் ஓடினேன். பாதிரிக்குப்பத்தில் ஒரு மானிட்டர், நெல்லிக்குப்பத்தில் ஒரு மோடம். தை பிறந்தபோது போன் மணி அடித்தாலே தோள் வலித்தது.

அந்தத் தையில்தான் சிதம்பரத்திலிருந்து சித்தி கூப்பிட்டாள்.

"பாப்பா, டைப்பே ஆவ மாட்டேங்குதுடி."

"கீபோர்டு ஒயரைச் சரியா சொருவியிருக்கியா சித்தி?"

"சொருவாம இருப்பனா? வேற எடத்துல எல்லாம் ஆவுது. இந்த ஆபீஸ் புரோகிராமுல மட்டும் ஆவல. மேல செவப்பா ஒரு பட்டை வந்து இங்கிலீஷ்ல என்னமோ திட்டுது."

"இன்னான்னு திட்டுது, படி."

படித்தாள். சோதனைக் காலம் முடிந்துவிட்டது, காசு கொடுத்து வாங்கினால்தான் இனி எழுதலாம் என்பது அதன் சாரம்.

"நேத்துதானே சித்தி கடையே தொறந்தீங்க?"

"அதான் நானும் கேக்குறேன். நேத்து தொறந்த கடைக்கு இன்னைக்கு எப்படிடி காலம் முடியும்?"

சித்தி என் அம்மாவின் தங்கை. சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தின் பக்கம் ஒரு டைப்பிங் சென்டரில் பல வருடமாக வேலை பார்த்தவள். ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸ்களை அடித்து அடித்து, படிக்காத பாடங்களின் வார்த்தைகளெல்லாம் அவள் விரல்களுக்கு மனப்பாடம். வருகிறவர்கள் அவளைத்தான் கேட்பார்கள். முதலாளியோ, முன்னால் கூட்டம் சேர்கிறது என்று அவளைப் பின்னறையில் மின்விசிறி இல்லாத மூலைக்கு மாற்றினார். புரட்டாசியில், நானே தனியாக அடித்துக் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "போயிட்டு வாம்மா. தைக்குள்ள வந்துடுவ. உன் சேரை யாருக்கும் குடுக்க மாட்டேன், காலியாவே வெச்சிருக்கேன்" என்றார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று சித்தி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அவளை நம்பிக் கூடவே வந்தவர் ஒரே ஒருவர். கடலூர்க்காரர், ஹாஸ்டலில் தங்கி நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். கிள்ளைப் பக்கத்துக் கழிமுகச் சேற்றில் வருடக்கணக்கில் நண்டு பிடித்து, அளந்து, கையால் எழுதிய பெரிய கட்டு ஒன்றைச் சித்தியிடம் கொடுத்திருந்தார். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் தீசிஸில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். விட்டால் புதிய வழிகாட்டி, புதிய அனுமதி, மறுபடியும் முதலிலிருந்து. அந்தக் கட்டு சித்தி வீட்டிலிருந்து தீசிஸாக வெளியே போனால் அவளுக்குக் கடை உண்டு. பழைய சென்டருக்குத் திரும்பிப் போனால் அவளும் அதன் பின்னாலேயே போய் அந்தச் சேரில் உட்கார வேண்டியதுதான்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். தொழிற்பேட்டை வாடை அடிக்கும் இடம் வரைக்கும் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் சாய்ந்து தூங்கினேன். பெரிய பிரச்சினையாக இருக்காது என்றுதான் நினைத்தேன். அப்போதெல்லாம் எனக்கு எல்லாமே ஒரு மணி நேர வேலைதான்.

சித்தி வீட்டு முன்னறையைச் சுண்ணாம்பு அடித்துக் கடையாக்கியிருந்தார்கள். புது மேசை. மானிட்டரின் நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். சி.பி.யூ பெட்டிக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது, சரியாகக் காற்று வெளியேறும் துவாரத்தின் மேல். முதலில் அதைக் கழற்றினேன்.

"கழட்டாதடி, சித்தப்பா கத்துவாரு."

"இது மூச்சு விடற எடம் சித்தி."

ஆபீஸ் புரோகிராமைத் திறந்தேன். சித்தி சொன்ன சிவப்புப் பட்டை மேலே நின்றது. அதற்குக் கீழே பொத்தான்கள் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தன. எழுத்தை அழுத்தினால் எழுத்து வரவில்லை. இருப்பதைப் பார்க்கலாம், புதிதாக ஒரு புள்ளி வைக்க முடியாது. புதுக் கம்ப்யூட்டர்களில் இந்த மென்பொருளை இரண்டு மாதம் இலவசமாகப் போட்டுக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். முதல்முறை திறந்த நாளிலிருந்து அது கணக்கு வைக்கும். முந்தாநாள் திறந்த கடையில் அந்தக் கணக்கு எப்படி முடிந்தது என்பதுதான் விளங்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குச் சித்தப்பா வந்தார். தெற்கு வீதியில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். பிள்ளையார் சுழி போடாமல் ஒரு சில்லறை ரசீதைக்கூடக் கிழிக்க மாட்டார்.

"வா பாப்பா. மெஷினு மேல குத்தம் இருக்காது. நல்ல நேரம் பார்த்து, வாங்கின அன்னிக்கே சுழி போட்டுத்தான் ஆரம்பிச்சோம்."

"வாங்கின அன்னிக்கேன்னா?"

"ஐப்பசியில. தீபாவளிக்கு ஆஃபர் போட்டான்ல."

"எதுல சித்தப்பா சுழி போட்டீங்க? நோட்டுலயா?"

"நோட்டுல எதுக்கு? இதுலதான். கடைக்காரன் தமிழ் எழுத்தெல்லாம் ஏத்தி வெச்சான். உங்க சித்தி உக்காந்தா. உச்சியில ஒரே ஒரு 'உ'. அம்சமா இருந்துச்சி. அப்புறம் மூடி, பிளாஸ்டிக் கவரைப் போட்டு பீரோ மேல ஏத்திட்டேன்."

"அதுக்கப்புறம் தொறக்கவே இல்லையா?"

"எப்படித் தொறக்கிறது? கார்த்திகை பூரா மழை, இந்த ரூம்ல முழங்கால் தண்ணி. அது வடிஞ்சிதுன்னா மார்கழி. மார்கழியில எவனாவது கடை தொறப்பானா?"

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் சாதத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான் அன்னிக்கே கேட்டேன். பீரோ மேல வெக்கிறதுக்கா வாங்குனோம், எறக்குங்கன்னு. என் பேச்சு எங்க ஏறுது?"

சித்தப்பாவுக்கு விஷயத்தை விளக்கினேன். அந்த ஒற்றை 'உ'வை அடித்த நிமிடத்தில் இரண்டு மாதக் கணக்கு ஆரம்பித்துவிட்டது. பெட்டி பீரோ மேல் தூங்கினாலும் கணக்கு தூங்கவில்லை.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "மார்கழியைக் கழிச்சிக்க மாட்டானா?"

"அவனுக்கு மார்கழி தெரியாது சித்தப்பா."

"சொல்லிப் பாரேன். போன் நம்பர் இருக்கும்ல?"

அவர் கேலி செய்யவில்லை. அவருடைய கடையில் மார்கழிக்கு வட்டி நிறுத்தி வைத்துக் கொடுத்த மொத்த வியாபாரிகள் இருந்தார்கள். கேட்டால் நியாயம் கிடைக்கும் என்பது அவருடைய அனுபவம்.

சாப்பிட்ட கையோடு என் வித்தையை ஆரம்பித்தேன். கல்லூரி ஹாஸ்டலில் எல்லோரும் செய்ததுதான். கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளி மறுபடியும் ஐப்பசிக்குக் கொண்டு போனேன். சித்தப்பா கடைக்குத் திரும்பாமல் என் பின்னால் நின்று, "இப்ப இதுக்குள்ள தீபாவளியா?" என்று கேட்டார். புரோகிராம் திறந்தது. ஒரு நொடி பட்டை காணாமல் போனது. சித்தி கையை நீட்டினாள். பட்டை திரும்பி வந்தது. என்னைப் போன்ற கெட்டிக்காரர்களை அது நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

"நம்ம மச்சான் கிட்ட ஒரு சி.டி. இருக்கும்" என்று சித்தப்பா கிளம்பினார். மச்சான் என்பவர் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவருடைய சினேகிதர். சட்டைப்பையில் சி.டி.யோடு அவரே வந்துவிட்டார். மேலே மார்க்கர் பேனாவில் 'ஆபீஸ் நல்லது' என்று எழுதியிருந்தது. நல்லது என்றால் ஓடுகிறது என்று அர்த்தமாம்.

"காப்பிதான். ஊரு பூரா இதான் ஓடுது" என்றார். "போலீஸா வரப்போவுது?"

அதைப் போட்டேன். ஏற்கெனவே இருப்பதை நீக்கிவிட்டு வா என்றது. சரி என்று பழையதை நீக்கச் சொன்னேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. பாதியைத் தாண்டும்போது தலைக்கு மேல் மின்விசிறி நின்றது.

"ஐயையோ, இந்த வாரத்திலேர்ந்து கரண்ட் கட்டை மத்தியானத்துக்கு மாத்திட்டானே" என்றார் மச்சான்.

"யு.பி.எஸ். இருக்குல்ல?" என்று நான் கத்தினேன். கீழே இருந்த யு.பி.எஸ். ஒரே ஒரு முறை கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. மானிட்டர் கறுத்தது.

"அது புதுசாச்சே" என்றார் சித்தப்பா. பிறகு தானாகவே மெல்லச் சொன்னார்: "அதையும் ஐப்பசியிலதான் வாங்கினோம்." அதுவும் பெட்டியோடு தைக்காகக் காத்திருந்திருக்கிறது. பேட்டரியில் இருந்ததெல்லாம் மழையோடு வடிந்துபோயிருந்தது.

மின்சாரம் வருகிற வரைக்கும் மூன்று பேரும் விசிறி மட்டையால் விசிறிக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தி மட்டும் பார்க்கவில்லை. நண்டுக் கட்டைப் பிரித்து, ஏற்கெனவே வரிசையாக இருந்த பக்கங்களை மறுபடியும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

மின்சாரம் வந்தது. பழையது பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது. திற என்றால், ஒரு கோப்பைக் காணவில்லை என்றது. நீக்கு என்றால், நீக்குவதற்கும் அதே கோப்பு வேண்டும் என்றது. புதியதைப் போடு என்றால், முதலில் பழையதை நீக்கு என்றது. ஒவ்வொரு பதிலும் வர நெடுநேரம் ஆனது. அதே மூன்று கதவுகளைச் சாயங்காலம் வரைக்கும் மாறி மாறித் தட்டினேன். நான் வரும்போது படிக்கவாவது முடிந்த ஒன்றை, இப்போது திறக்கவே முடியாமல் ஆக்கிவிட்டிருந்தேன். சித்தி எழுந்து அடுப்படிக்குப் போனாள். டீ வைத்துக் கொடுத்தாள்.

வெளியே ஸ்கூட்டர் நின்றது. பழைய முதலாளி. இறங்கவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மெஷினு பேசலியாமே? ஜெராக்ஸ் கடையில சொன்னாங்க."

மச்சான் சுவரைப் பார்த்தார்.

"பேசும் சார்" என்றாள் சித்தி.

"பேசட்டும், பேசட்டும். சேரு காலியாதான் கீது. இப்ப அங்க ஃபேன்கூட போட்டுட்டேன்." சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் நண்டு ஆராய்ச்சிக்காரர் பைக்கில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, "ஆச்சாக்கா?" என்றார். முகத்தைப் பார்த்ததும் கழற்றினார். நானும் அவரும் கடலூர் என்பதால் மரியாதைக்கு எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டோம். அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஆரம்பிக்கலன்னா கட்டை வாங்கிட்டுப் போயி பழைய எடத்துலயே குடுத்துடறேன். சார் ரிட்டயர்டு ஆயிட்டா என் கதி அவ்ளோதான்."

"நீங்க சொல்றது நாயந்தான் தம்பி" என்றாள் சித்தி. "நாளைக்கு சாயங்காலம் வாங்க."

கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் நின்றுகொண்டே கடலூர் வந்தேன். கண்ணை மூடினால் பச்சைக் கோடு நகர்ந்தது.

காலையில் பிரவுசிங் சென்டர் ஷட்டரைத் தூக்கும்போதே போய் நின்றேன். அந்தப் பிழைச் செய்தியை அப்படியே தேடலில் போட்டேன். உலகத்தில் எத்தனை பேர் எந்தெந்த ஊரில் இதே கோப்பைக் காணாமல் அழுதிருக்கிறார்கள்! ஒரு புண்ணியவான், அரைகுறையாகக் கிடப்பதைத் துடைத்தெடுக்கும் சின்ன புரோகிராம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தான். அதை பென் டிரைவில் இறக்கிக்கொண்டு, மஞ்சக்குப்பத்தில் சித்தப்பாவுக்குக் கம்ப்யூட்டர் விற்ற கடைக்குப் போனேன்.

"ரெண்டு மாசம் ஃப்ரீன்னு சொல்லித்தானே குடுத்தேன்" என்றார் கடைக்காரர். "உங்க சித்தப்பா தலையத் தலைய ஆட்டினாரே."

"மார்கழி வந்துடிச்சிங்க."

"மார்கழி எனக்கும்தான் வந்துச்சி. நான் கடையைச் சாத்திட்டனா?"

"ஒரிஜினல் டிஸ்க்கும் கீயும் குடுங்க."

விலையைச் சொன்னார். போன் போட்டுச் சித்தியிடம் சொன்னேன். பின்னால் சித்தப்பாவின் குரல், "காப்பிதான் ஊரு பூரா ஓடுதாமே" என்றது. "ஊருக்கு ஓடும், நமக்கு ஓடல" என்றாள் சித்தி. என்னிடம், "வாங்கிட்டு வாடி. போன மாசம் ஏலச்சீட்டுப் பணம் எடுத்தது இதுக்குத்தான்னு வெச்சிக்கிறேன்" என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மின்சாரம் போயிருந்தது. அது வருகிற வரைக்கும் உறையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த முறை யு.பி.எஸ்.ஸை இரவு முழுக்கச் சார்ஜில் போட்டிருந்தார்கள். ஆனாலும் நான் தொடவில்லை. சூடுபட்ட பூனையாகிவிட்டிருந்தேன்.

மின்சாரம் வந்தது. துடைக்கும் புரோகிராம் துடைத்தது. டிஸ்க் ஏறியது. உறையிலிருந்த நீளமான சாவி எழுத்துகளைச் சித்தி சொல்ல நான் அடித்தேன். ஏற்றுக்கொண்டது. நான் நாற்காலியில் சாய்ந்தபோது இன்னொரு சன்னல் திறந்தது. இதைச் செயல்படுத்த இன்டர்நெட் வேண்டும். இல்லாவிட்டால் போனில் கூப்பிடு.

சித்தி வீட்டில் இன்டர்நெட் இல்லை. கூடத்தில் பழைய லேண்ட்லைன் இருந்தது. அதன் ஒயர் முன்னறை வரைக்கும் எட்டாது. சித்தப்பா அன்று கடைக்கு லீவு சொல்லியிருந்தார். முன்னறையில் சித்தி திரையைப் பார்த்து எண்களைப் படிக்க, நடுவாசலில் நின்று சித்தப்பா அதை வாங்கிச் சொல்ல, நான் கூடத்தில் போனில் சொல்வது என்று ஏற்பாடு.

பதிவு செய்த பெண் குரல் ஒன்றாம் எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். ரிசீவரில் டக்டக்கென்று ஏதோ உதிர்ந்தது. அவள் மறுபடியும் ஒன்றை அழுத்தச் சொன்னாள். மறுபடியும் அழுத்தினேன். மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். அதே பாட்டு, அதே ஒன்று, அதே மன்னிப்பு. எத்தனை தடவை என்று நினைவில்லை. ஒரு கட்டத்தில் ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டேன். சென்னைக் கம்பெனிக்குப் போன் செய்தாலும் இதே மாதிரிதான், பாட்டு போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள்.

"சுத்தமா முடியலியா பாப்பா?" என்றார் சித்தப்பா.

போனைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் தூசு அடைந்த ஒரு சின்ன சுவிட்சு, ஒரு பக்கம் T, ஒரு பக்கம் P. P பக்கம் கிடந்தது. P என்றால் பழைய பல்ஸ் முறை, அதில் நான் அழுத்துவது அந்தப் பக்கம் எண்ணாகவே கேட்காது. ஊக்கு முனையால் நெம்பி T பக்கம் தள்ளினேன். அடுத்த முறை ஒன்றை அழுத்தியதும் அவள் நன்றி சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் எண்கள் முன்னறையிலிருந்து வந்து சேர்வதற்குள் நேரம் கடந்து பாதியில் நின்றதால் எங்களை ஒரு மனுஷியிடம் தள்ளிவிட்டார்கள். வடக்கே எங்கோ உட்கார்ந்திருந்தவள், இங்கிலீஷில் மெல்லப் பேசினாள். எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றில் என்றேன். எண்களைச் சொல்லச் சொன்னாள். சித்தி சொல்ல, சித்தப்பா சொல்ல, நான் சொன்னேன். நடுவில் கோயில் மணி ஆரம்பித்தது.

"அது என்ன சத்தம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இன்னா கேக்குறா?" என்றார் சித்தப்பா.

"என்ன சத்தம்னு."

"சாயரட்சைன்னு சொல்லு. நல்ல சகுனம்னும் சொல்லு."

கோயில் என்று மட்டும் சொன்னேன். அவள் மணி நிற்கும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தாள். அந்த இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான். பிறகு அவள் தன் பக்கத்து எண்களைச் சொன்னாள். நான் கத்த, சித்தப்பா கத்த, சித்தி அடித்தாள். கடைசி எண்ணுக்கு அப்புறம் முன்னறையிலிருந்து சத்தமே வரவில்லை.

"சித்தி?"

"பட்டை போயிடிச்சிடி" என்றாள், ரொம்ப மெதுவாக.

முன்னறைக்குப் போனபோது சித்தப்பா நல்ல நேரம் பார்க்கச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் பக்கம் திரும்பியிருந்தார். சித்தி அவரைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார் அவர். சொல்லவும் இல்லை.

சித்தி ஐப்பசியில் அடித்த கோப்பைத் தேடித் திறந்தாள். வெள்ளைப் பக்கத்தின் உச்சியில் ஒற்றை 'உ'. நான் கலைத்துப் போட்டதில் அது மட்டும் அப்படியே தப்பித்திருந்தது. அதற்குக் கீழே கர்சரைக் கொண்டுபோய் வைத்து, நண்டின் முதல் வரியை அடிக்க ஆரம்பித்தாள். ஆராய்ச்சிக்காரர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்று, அவள் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டைத் தொடாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் போல ஆகியிருக்கும். அச்செடுக்கும் நாளில் பக்க எண் குழம்பிவிடக்கூடாது என்று என்னை மறுபடியும் கூப்பிட்டார்கள். முதல் பக்கத்தை அச்செடுத்து ஆராய்ச்சிக்காரர் கையில் கொடுத்தோம்.

"அக்கா, தலைப்புக்கு மேல இன்னா இது?"

"சுழி தம்பி. எடுத்துடறேன்."

"எடுக்கறதா?" என்று சித்தப்பா உள்ளேயிருந்து வந்துவிட்டார். "இதுக்குத்தான் இவ்ளோ பாடு பட்டோம். சுழியை அழிச்சிட்டு வேலையை வெளிய அனுப்புவாங்களா?"

"அங்க ரூல்ஸ் இருக்குங்க சார். ஓரத்துல இடம் கூடுனாலே திருப்பி அனுப்பிடுவாங்க."

இருவரும் நியாயமாகவே பேசினார்கள். எனக்கு வாதாடத் தெம்பில்லை. மவுஸைச் சித்தியிடமிருந்து வாங்கி, அந்த 'உ'வைத் தேர்ந்தெடுத்து, அதன் நிறத்தை வெள்ளையாக மாற்றினேன். திரையிலிருந்து மறைந்தது. மறுபடியும் அச்செடுத்தோம். தாள் சுத்தமாக வந்தது.

"எங்க?" என்றார் சித்தப்பா.

"இருக்கு சித்தப்பா. வெள்ளை மேல வெள்ளை. கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்."

அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நம்ம கோயில் ரகசியம் மாதிரின்னு சொல்லு. திரையை விலக்கினா ஒண்ணும் இருக்காது, ஆனா இருக்கும்."

ஆராய்ச்சிக்காரர் சிரித்தார். "அப்படின்னா அக்கா, பக்கத்துலயே ஒரு சிலுவையும் வெள்ளையில போட்டுடுங்க. எங்க அம்மா மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவுங்களுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

சித்தி கூட்டல் குறியை ஒரு முறை அழுத்தி, அதையும் வெள்ளையாக்கினாள். அச்சில் எதுவும் தெரியவில்லை. எல்லாப் பக்கங்களும் மச்சானின் ஜெராக்ஸ் கடைக்குப் போய், பைண்டிங் ஆகிப் போயின.

மாதக் கடைசியில் நான் கடலூரில் இருந்தேன். மத்தியானம் போன் அடித்தது.

"பாப்பா, கையெழுத்து போட்டுட்டாராம். இப்பதான் தம்பி போன் பண்ணுச்சி. ஆபீஸ்லயும் வாங்கிக்கிட்டாங்களாம். நாளைக்கு அதுகூடப் படிக்கிற பொண்ணு ஒண்ணு கட்டு எடுத்துக்கிட்டு வருதாம்."

"சந்தோஷம் சித்தி. முதலாளிக்குத் தெரியுமா?"

"காலையில காய்கறி வாங்கும்போது பார்த்தேன். சேரு காலியா இருக்குன்னு ஆரம்பிச்சாரு. யாருக்காவது குடுத்துடுங்க சார், ஃபேன் வேற போட்டுட்டீங்க, வீணாப் போவுதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இன்னொன்னு. இப்ப கீழ் மூலையில மஞ்சளா ஒண்ணு எட்டிப் பாக்குது. வைரஸ் பாக்குற புரோகிராமாம். சந்தா முடிஞ்சிடிச்சி, புதுப்பிங்கறான்."

நான் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"அதையும் அன்னிக்கே தொறந்துட்டமாடி?"

"ஆமாம் சித்தி. ஐப்பசியில."

அந்தப் பக்கம் சித்தப்பா ஏதோ கேட்டார். சித்தி போனின் வாயைப் பொத்தாமலேயே அவருக்குச் சொன்னாள்: "ஒண்ணும் இல்ல, நீங்க சாப்புடுங்க." பிறகு என்னிடம், "நாளைக்குக் காலையில பஸ் ஏறிடு. சாம்பார் வெச்சிடறேன்" என்றாள்.